மஞ்சள் விழுந்தால் மோட்டர்

எனக்குக் கோபம் கெதியில் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் போன ஜூன் மாதம் எனக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருடம் மினக்கெட்டு நான் உருவாக்கிய மென்பொருள் பதினொரு நாளாக என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். அது சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்கு வந்த சனியன்.

நான் பஹ்மிதா. தாராபுரத்துக்கும் எருக்கலம்பிட்டிக்கும் இடையில், வீதியோரத்தில் இருக்கும் உபமின்நிலையத்தில் பொறியியலாளராக வேலை. எங்கள் பக்கம் தீவு, மின்சாரம் பெருநிலத்திலிருந்து இரண்டு லைன்களில் வருகிறது. இரண்டும் கடலைத் தொட்டுக்கொண்டே வருகின்றன. சோளகக் காற்று வீசத் தொடங்கினால் கம்பங்களில் உள்ள பீங்கான்களில் உப்புப் படியும். அதில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், மின்சாரம் பீங்கானுக்கு மேலால் பாய்ந்து அந்த லைன் தானாகவே நின்றுவிடும். காற்றுக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். அப்போது மற்ற லைன் முழுப் பாரத்தையும் தனியாகத் தாங்க வேண்டும். இரண்டு பேர் தூக்கி வரும் மூட்டையை ஒருவன் சட்டென்று விட்டால் மற்றவனுடைய இடுப்பு தாங்குமா என்ற கேள்விதான். தாங்காவிட்டால் அவனும் விழுவான், ஊர் முழுக்க இருட்டாகும்.

அதை முறைப்படி கணக்குப் போட்டுப் பார்க்க இருபது நிமிடம் செல்லும். அதற்குள் காற்றும் மாறிவிடும், சனம் மின்சாரம் பாவிக்கிற அளவும் மாறிவிடும். அதனால் கந்தோரில் பல வருடமாக ஒரு சுலபமான வழியைப் பிடித்து வைத்திருந்தார்கள். காற்றுக் காலம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை எங்கள் பக்கத்துக்கு மின்வெட்டு. மூட்டையைப் பாதியாக்கிவிட்டால் யாரும் விழமாட்டார்கள்தானே! மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்கிற நேரம், இரவுச் சாப்பாடு ஆக்குகிற நேரம், பிள்ளைகள் புத்தகம் எடுக்கிற நேரம் எல்லாம் அதில் போய்விடும். பத்து நாளில் ஒன்பது நாள் அந்த வெட்டுக்குத் தேவையே இருக்காது. எந்த ஒன்பது நாள் என்றுதான் யாருக்கும் தெரியாது.

நான் செய்தது இதைத்தான். அந்த நீளமான கணக்கை இரண்டு லட்சம் விதமாக முன்கூட்டியே போட்டு, விடைகளைக் கணினிக்குக் காட்டிப் பழக்கினேன். இந்தக் காற்று, இந்த ஈரம், பீங்கான் கழுவி இத்தனை நாள், இவ்வளவு லோட் என்றால் தாங்கியது. அதிலும் கொஞ்சம் கூடினால் தாங்கவில்லை. பழகிய பிறகு அது இருபது நிமிடக் கணக்கை ஒரு செக்கனில் சொன்னது. இந்த நிமிடம் ஒரு லைன் நின்றால் மற்றது தாங்கும் என்றால் பச்சை, மட்டுமட்டு என்றால் மஞ்சள், தாங்காது என்றால் சிவப்பு. சிவப்பு வருகிற நாளில் மட்டும் வெட்டினால் போதும். போதாததற்கு ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைய நடப்பைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளவும் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய கெட்டித்தனம் என்று பிறகு விளங்கியது.

தலைமைக் கந்தோர் ஒரு மாதம் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்தது. பிரதம பொறியியலாளர் கஜேந்திரன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு சொல் கூடுதலாகவும் பேசமாட்டார், குறைவாகவும் பேசமாட்டார். “பஹ்மிதா, சரிவந்தா இந்த வருஷத்தோட பின்னேர வெட்டு முடியுது. சரிவராட்டி மெஷினை அலுமாரிக்குள்ள வைப்பம். பிறகு இதைப் பற்றிக் கதை இல்லை” என்றார்.

லைன் குழுவுக்குப் பொறுப்பான றொட்னி அண்ணன் பேசாலைக்காரர். அவர்தான், வரப்போவதைச் சொல்லும் மென்பொருளுக்குச் ‘சாத்திரியார்’ என்று பெயர் வைத்தவர். முற்றத்தில் வேலை செய்கிற தன் ஆட்களுக்குத் திரை தெரியாது என்று, காவலாளி அறையின் கூரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகளைப் பூட்டி, கணினியோடு இணைத்து வைத்ததும் அவர்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், விளக்கு எரியும்போது வீதியில் போகிற சனம் நிமிர்ந்து பார்ப்பது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

முதல் ஒன்பது நாளும் சாத்திரியார் தங்கம். பின்னேரம் மஞ்சள் விழும், கொஞ்ச நேரம் நிற்கும், திரும்பப் பச்சையாகும். ஒன்பது நாளில் இரண்டு தரம்தான் வெட்டினோம். நான் நிலத்தில் கால் படாமல் நடந்தேன்.

பத்தாம் நாள் மஞ்சள் விழுந்து ஆறே நிமிடத்தில் சிவப்பானது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மஞ்சள் விழுந்த கையோடு லோட் மளமளவென்று ஏறும், சிவப்பு வரும், வெட்ட வேண்டி வரும். சாத்திரியார் இதைப் பார்த்துப் பாடம் படித்தார். நாலே முக்காலுக்கு லோட் ஏறுகிறதா, அப்படியென்றால் நாலரைக்கே எச்சரிப்போம் என்று மஞ்சளை முன்னுக்குக் கொண்டுவந்தார். லோட்டும் விடவில்லை, அதுவும் நாலரைக்கே ஏறியது. நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி இரண்டும் முன்னுக்கும் முன்னுக்கும் ஓடின. பதினொரு நாளின் முடிவில் மஞ்சள் நாலேகாலுக்கு விழுந்தது. பழைய முறையில் ஐந்து மணிக்குப் போகிற கரண்ட் இப்போது நாலரைக்கே போனது. விஞ்ஞானத்தால் ஊருக்கு அரை மணித்தியாலம் கூடுதல் இருட்டு!

“மிஸ், சாத்திரியாருக்கு ஏழரைச் சனி பிடிச்சிட்டுது” என்றார் றொட்னி அண்ணன்.

“சும்மா இருங்கோ அண்ணன், எனக்கு வாற விசருக்கு...”

“நான் என்ன செய்தனான்? லோட் ஏறுது. சனம் பாவிக்குது.”

“நாலேகாலுக்கு என்னத்துக்குப் பாவிக்குது? பெருநாளா? கலியாணமா?”

கஜேந்திரன் சேர் தொலைபேசியில், “வியாழக்கிழமை நான் வந்து பாக்கிறன். அண்டைக்கும் இதுதான் நிலைமையெண்டா முடிச்சுக்கொள்ளுவம்” என்றார். அன்று செவ்வாய். எனக்கு இரண்டு நாள் இருந்தது.

நாலு மணிக்கு, தலையிடி என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எருக்கலம்பிட்டியில் எங்கள் வீட்டில் நானும் உம்மாவும்தான். உம்மாவின் பெயர் கைருன்னிசா. ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியவரும். நான் போனபோது குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிளேன்ரீ ஒன்று ஊற்றித் தந்தார். நான் ஒரு மிடறு குடித்திருப்பேன், உம்மாவின் போனில் குரல்செய்தி ஒன்று விழுந்தது. தட்டியதும் அது கத்தியது.

“மஞ்சள் விழுந்திட்டுது! மஞ்சள் விழுந்திட்டுது! எல்லாரும் போடுங்கோ!”

குரல் சனூன் நானாவுடையது. உபமின்நிலையத்துக்கு நேர் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர்.

உம்மா வெங்காயத்தை விட்டார். “பிஸ்மில்லாஹ்” என்று எழும்பியவர், அறுபது வயதில் அப்படி ஓடுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தண்ணீர் மோட்டர் போட்டார். ரைஸ் குக்கரின் பொத்தானை அமத்தினார். ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகினார், எனது நாளைய அபாயாவை மேசையில் விரித்தார். கிரைண்டரில் தேங்காயைப் போட்டார். டோர்ச், பழைய போன், புதிய போன் மூன்றையும் சார்ஜில் குத்தினார். பக்கத்து வீட்டிலும் மோட்டர் இரைந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும் இரைந்தது. ஒழுங்கை முழுக்க ஒரே இரைச்சல். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“உம்மா! என்ன செய்யிறீங்க?”

“கண் தெரியேல்லயா புள்ள? மஞ்சள் விழுந்திட்டு. கரண்ட் போகப்போகுது. போறதுக்கு முன்னால தண்ணி இழுக்க வேணாமா?”

“மஞ்சள் எண்டாக் கரண்ட் போகுமெண்டு ஆரு சொன்ன?”

“ஆரு சொல்லோணும்? முதல் ரெண்டு வெட்டும் மஞ்சள் விழுந்த பிறகுதானே வந்த! அதுக்குப் பிறகு பதினொரு நாளாப் போகுதே! ஒருநாள் தப்பேல்ல. மாஷா அல்லாஹ், உன்ட மெஷின் அச்சொட்டாச் சொல்லுது. ஊரெல்லாம் உன்னைத்தான் புகழுது மகள்.”

போனை என்னிடம் நீட்டினார். வாட்ஸ்அப் குழு. பெயர் ‘பஹ்மிதா லைட் செய்தி’. அங்கத்தவர் நானூற்றிப் பன்னிரண்டு பேர். அட்மின் என் உம்மா. ஒவ்வொருவரும் கேட்ட கையோடு இன்னும் நாலைந்து வீட்டுக்குச் சொல்லி, செய்தி தாராபுரம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

நான் கதிரையில் விழுந்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.

“நீங்கதான் உம்மா கரண்டைப் போக வைக்கிறீங்க! மஞ்சள் எண்டா மட்டுமட்டு எண்டு அர்த்தம். பேசாம இருந்தா அது தானாப் பச்சையாகும். நீங்க எல்லாரும் ஒரே நேரத்தில மோட்டரைப் போட, அது சிவப்பாகுது. சிவப்பாகினா நாங்க வெட்டுறம். நான் வெட்டுறன் உம்மா, என்ட கையால!”

உம்மா ஸ்திரிக்கைப் பெட்டியை அசைக்காமல் என்னைப் பார்த்தார். அபாயாவில் புகை வந்தது.

“அப்ப நாங்க போடாட்டிக் கரண்ட் போகாதா?”

“போகாது!”

“இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?”

அதே நேரம் கரண்ட் போனது. கிரைண்டர் நின்றது. உம்மா டாங்கியை எட்டிப் பார்த்து, “முக்காவாசி நிறைஞ்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

உம்மாவைக் குறை சொல்லவும் முடியவில்லை. தொண்ணூறில் போரில் இந்த ஊர் முழுக்க வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து முகாம்களில் இருந்தபோது, குழாயில் தண்ணீர் ஒரு மணித்தியாலம்தான் வரும். வரும்போது பிடிக்காதவளுக்கு அன்று சோறில்லை. திரும்பி வந்த பிறகும் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொன்னதில்லை. லைட் ஒருக்கால் மங்கினாலே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய சனம். அந்தச் சனத்துக்கு முன்னால் நான் மூன்று நிற விளக்கைப் பூட்டிவைத்து, அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பார்கள் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் விளங்கியும் புதன்கிழமை காலையில் நான் இன்னொரு மடத்தனம் செய்தேன். விளக்குகளுக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடச் சொன்னேன். கண்ணில் படாவிட்டால் யார் மோட்டர் போடப் போகிறார்கள்? றொட்னி அண்ணன் ஏணி வைத்து ஏறி மூடிவிட்டு வந்தார். பதினொரு மணிக்கு லோட் ஏறத் தொடங்கியது. பதினொன்றரைக்கு மஞ்சள். பன்னிரண்டு மணிக்கு, நட்ட நடுப்பகலில், சிவப்பு.

றொட்னி அண்ணன் வீதியைக் கடந்துபோய் விசாரித்துவிட்டு வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் அவருக்குப் பேச்சு வரவில்லை.

“மிஸ், சனூன் நானா குழுவில போட்டிருக்கிறார். லைட்டையே மூடிட்டாங்களாம். மூண்டு நாளைக்குக் கரண்ட் இல்லையாம். இருக்கிற பாத்திரம் முழுக்க நிரப்பட்டாம்!”

“சாக்கைக் கழட்டுங்கோ” என்றேன். எனக்கு அழுகை வந்தது. “இப்பவே கழட்டுங்கோ.”

அன்று பின்னேரம் உம்மாவுக்கு முன்னால் போய் இருந்தேன். கத்தவில்லை. “உம்மா, நாளைக்குச் சேர் வாறார். நாளைக்கும் சிவப்பு விழுந்தா என்ட மெஷினை எடுத்துப் பூட்டிருவாங்க. பழையபடி ஒவ்வொரு நாளும் அஞ்சிலயிருந்து ஏழு வரைக்கும் வெட்டுத்தான். எனக்கு ஒரு உதவி செய்யோணும். மஞ்சள் விழுந்தா மோட்டரைப் போடாம, ஓடுற மோட்டரையும் நிப்பாட்டச் சொல்லுங்க” என்றேன்.

உம்மா உடனே ஓம் என்று சொல்லவில்லை. “நிப்பாட்டினாக் கரண்ட் போகாதெண்டு நீ வாக்குத் தருவியா?”

எங்கள் தொழிலில் வாக்குக் கொடுக்க முடியாது. “நூறு நாளில தொண்ணூத்தாறு நாள் போகாது” என்றேன்.

“மிச்சம் நாலு நாள்?”

“அல்லாஹ்ட கையில.”

உம்மா நாலு விரலை மடக்கினார். “நல்லது. அதையும் சேர்த்துச் சொல்றன். நாலு நாளைக் கேட்டாத்தான் தொண்ணூத்தாறையும் நம்புவாங்க. இத்தினை வருஷம் கந்தோர்க்காரர் எல்லாரும் நூறு எண்டுதானே சொன்னாங்க” என்றார். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். “நீ பக்கத்தில நிண்டா எனக்குக் கதை வராது.”

உள்ளே நெடுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு மறுநாளைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமை நாலு மணிக்குக் கஜேந்திரன் சேர் வந்தார். என் போனைச் சத்தம் அடக்கிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெளியே சோளகம் பேயாக அடித்தது. அந்த வெயிலுக்கும் உப்புக்கும் ஒரு லைன் தனியாக எட்டு மெகாவாட் தாங்கினால் பெரிய காரியம். லோட் ஏழரையில் நின்றது.

நாலு பதினாலுக்கு மஞ்சள் விழுந்தது.

“வழமைதானே” என்றார் சேர். “இனி ஆறு நிமிஷத்தில சிவப்பு.”

றொட்னி அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழு தசம் ஐந்து. ஏழு தசம் ஆறு. யாரோ போட்டுவிட்டார்கள்! ஏழு தசம் ஆறு. பிறகு ஏழு தசம் நாலு. ஏழு தசம் ஒன்று. அதற்குப் பிறகு இறங்கிக்கொண்டே போனது. நாலு இருபத்தைந்துக்கு ஆறு தசம் எட்டு. விளக்கு பச்சையாகி அப்படியே நின்றது.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். “இங்க ஒருத்தரும் சுவிச்சில கை வைக்கேல்ல. ஆர் இறக்கினது?”

“எங்கட உம்மா, சேர்.”

நடந்ததையெல்லாம் சொன்னேன். சனூன் நானா, குழு, சாக்கு எல்லாம். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் சிரித்து முடித்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

“நல்ல கதை. எண்டாலும் இது ஒரு நாள். பதிமூண்டு நாள் சிவப்பு எண்டு புத்தகத்தில கிடக்கு. காத்தைப் பாருங்கோ. இண்டைக்கும் அஞ்சு மணிக்கு வெட்டுவம்.”

“பச்சை எரியுது சேர்!”

“எரியட்டும். வெட்டாம விட்டு ரெண்டு லைனும் விழுந்தா ஆர் பொறுப்பு? அதுக்கு ஆர் கையெழுத்துப் போடுறது?”

எனக்குக் கோபம் கெதியில் வரும் என்று சொன்னேன் அல்லவா? “நான் போடுறன்” என்றேன். பதிவுப் புத்தகத்தை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பறித்தே எடுத்தேன். ‘இன்று வெட்டு இல்லை. காரணம்: ஒரு லைன் நின்றாலும் மற்றது தாங்கும் என்று கணிப்பு’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த நாலு நாளில் இன்று ஒன்றாக இருந்தால் என்ன செய்வேன்?

ஐந்து மணியானது. வெட்டவில்லை. ஐந்து பத்தானது. சேர் பேப்பர் வாசிக்கிற மாதிரி இருந்தார், ஆனால் பக்கம் திருப்பவில்லை.

ஐந்து இருபதுக்கு வெளியே படீரென்று ஒரு சத்தம். அறையில் லைட் ஒருக்கால் மங்கியது. அலாரம் கத்தியது. இரண்டாம் லைன் நின்றுவிட்டது!

“மடு மாதாவே!” என்றார் றொட்னி அண்ணன்.

முழுப் பாரமும் முதலாம் லைனில் ஏறியது. ஆறு தசம் ஒன்பது. முள் துடித்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தாங்கு, தாங்கு என்று வாய்விட்டே சொன்னேன். பத்து செக்கன். முப்பது செக்கன். ஒரு நிமிடம். மங்கிய லைட் தெளிந்தது, பிறகு அசையவில்லை. முதலாம் லைன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது.

றொட்னி அண்ணன் ஓடிப்போய்த் தன் ஆட்களை வாகனத்தில் ஏற்றி அனுப்பினார். ஆறுக்குக் கால்மணி இருக்கையில் இரண்டாம் லைனும் திரும்ப வந்தது. கஜேந்திரன் சேர் தன் பையிலிருந்து காற்றுக் காலத்து வெட்டு அட்டவணையை எடுத்தார். மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, அடியில் தன் கையெழுத்தை வைத்தார்.

“நாளையிலயிருந்து மெஷின் சொல்லுறபடி செய்யுங்கோ” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, “உம்மாவுக்கு என்ர சலாத்தைச் சொல்லுங்கோ” என்றார்.

நான் பறந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது. காற்றுக் காலத்தில் ஆறு மணிக்கு எருக்கலம்பிட்டி வெளிச்சமாக இருப்பதைப் பார்க்க எனக்குப் பாட வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்த மாதிரியும் இருந்தது. ஒழுங்கைக்குள் இறங்கிய பிறகுதான் பிடிபட்டது. ஒரு வீட்டிலும் மோட்டர் இரையவில்லை.

எங்கள் வீட்டில் உம்மா மோட்டர் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார். முன்வீட்டு நௌஷாட் சாச்சா எங்கள் முற்றத்தில் நின்றார். இடுப்பில் துவாய், தலையில் காய்ந்துபோன சவர்க்கார நுரை.

“வந்திட்டியா புள்ள?” என்றார் சாச்சா. “ரெண்டு மணித்தியாலமா இப்பிடி நிக்கிறன். கடிக்குது.”

“ஏன் சாச்சா, தண்ணி இல்லையா? மோட்டரைப் போடுறதுக்கென்ன? லைட் பச்சையாகி எவ்வளவு நேரம்!”

“உன்ட உம்மாட்டக் கேளு.”

உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “நீ எங்க சொன்ன? நிப்பாட்டுங்க எண்டுதானே சொன்ன. திரும்பப் போடலாமெண்டு சொன்னியா? அதுதான் நான், பச்சை வந்தாலும் என்ட மகள் வாயால சொல்றவரைக்கும் ஒருத்தரும் சுவிச்சில கை வைக்கப்படாதெண்டு சொன்னன். எத்தினை தரம் போன் எடுத்தன் உனக்கு!” என்றார்.

என் போன் கைப்பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று அழைப்புகள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மஞ்சளுக்கு நிறுத்துங்கள் என்று சொன்ன நான், பச்சைக்கு என்ன செய்வது என்று சொல்லவேயில்லை. ஐந்தேகாலுக்கும் பச்சை எரிவதைக் கண்டு இத்தனை வீடும் ஒரே நேரத்தில் மோட்டரைப் போட்டிருந்தால் லோட் எட்டரை மெகாவாட்டுக்கு ஏறியிருக்கும். ஐந்து இருபதுக்கு இரண்டு லைனும் விழுந்திருக்கும், என் கையெழுத்து அந்தப் புத்தகத்தில் கிடந்து சிரித்திருக்கும். இரண்டு லட்சம் கணக்குப் போட்ட நான் யோசிக்காததை உம்மா யோசித்திருந்தார். இந்த ஊர், வாளி வாளியாக நிரப்பி வைத்தால்தான் நித்திரை வருகிற ஊர், டாங்கியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல், எதிரே கரண்ட் இருக்க, என் ஒரு சொல்லுக்காக இரண்டு மணித்தியாலம் பொறுத்திருந்தது. நான் படியில் குந்தியிருந்து அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

“அழுறத பிறகு பாக்கலாம்” என்றார் உம்மா. “மஃரிபுக்கு நேரமாகுது. சனத்துக்கு வுழூச் செய்யத் தண்ணி வேணும். போடலாமா, இல்லையா?”

மூக்கைத் துடைத்தேன். றொட்னி அண்ணனுக்குப் போன் எடுத்து, திரையைப் பார்த்துக்கொண்டு லோட்டைச் சொல்லச் சொன்னேன். உம்மாவின் போனை மற்றக் கையில் வாங்கிக் குழுவில் பேசுகிற பொத்தானை அமத்தினேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் பஹ்மிதா. எல்லாரும் ஒரேயடியாப் போட வேணாம். ஒவ்வொரு ஒழுங்கையாச் சொல்றன். முதல்ல பள்ளிவாசல் டாங்கி. போடுங்கோ.”

“ஏழு தசம் பூச்சியம், பச்சை” என்றார் றொட்னி அண்ணன்.

“பள்ளிவாசல் ஒழுங்கை, போடுங்கோ.”

தூரத்தில் ஒவ்வொன்றாக மோட்டர்கள் இரையத் தொடங்கின.

“இனி எங்கட ஒழுங்கைதானே?” என்றார் சாச்சா, நுரையைச் சொறிந்துகொண்டு.

உம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஓரடி பின்னுக்குப் போனார். “எங்கட ஒழுங்கை கடைசி” என்றார் உம்மா. “அட்மின் வீட்டுக்கு முதல்ல போட்டா நாளைக்கு ஆரு எங்கட பேச்சைக் கேப்பாங்க? நீ சொல்லு மகள்.”

“ஏழு தசம் ரெண்டு, பச்சைதான் மிஸ்” என்றது மற்றப் போன்.

“கடற்கரை ஒழுங்கை” என்றேன், குரல் தழுதழுக்க. “போடுங்கோ.”